வாசலை அடைத்த மருவி

அந்த வங்கி மேலாளர் நாற்காலியை விட்டு எழுந்திருப்பதாகத் தெரியவில்லை. படம் பதினோரு நிமிடம்தான். அவர் விஆர் ஹெட்செட்டைக் கண்ணில் மாட்டிக்கொண்டு அரை மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. தூங்கிவிட்டாரோ என்று முதலில் சந்தேகப்பட்டேன். சோதனைக் காட்சிக்குச் சும்மா வரச்சொன்னால், ஏசி அறையைக் கண்டதும் குறட்டை விடுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஆனால் அவர் மார்பில் கட்டியிருந்த பட்டை வேறு கதை சொன்னது. மூச்சும் நாடித்துடிப்பும் நன்றாக விழித்திருக்கிற மனிதனுடையவை.

"சார், படம் முடிஞ்சுதுங்களா?" என்று தோளைத் தொட்டேன்.

"இன்னும் இல்லீங்க. இருட்டாத்தான் இருக்குது," என்றார். பிறகு, "பரவால்ல, இருக்கட்டும்" என்று இன்னும் கொஞ்சம் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார்.

பரவாயில்லையாம்! 'பொந்து' படத்தில் அப்படி ஒரு இருட்டை நாங்கள் வைக்கவே இல்லை.

நாங்கள் என்றால் மூன்று பேர். நான் ஹாரூன். மென்பொருளும் ஒலியும் என் பொறுப்பு. படத்தை வரைந்தவரும் இயக்கியவரும் ஜெசிந்தா அக்கா. தூத்துக்குடியில் பிறந்து, கல்யாணமாகிக் கோயம்புத்தூருக்கு வந்து, இன்னும் தூத்துக்குடியாகவே பேசிக்கொண்டிருப்பவர். பணம் போட்டவர் சின்னராஜ் சார். மோட்டார் பம்பு தொழிற்சாலை முதலாளி. பம்பு செய்கிற மனிதருக்கு அனிமேஷன் படத்தில் என்ன ஆசை என்று ஊரே கேட்டது. எனக்கும் தெரியாது. கேட்கப்போய் மனசு மாறிவிடுவாரோ என்று நான் கேட்கவுமில்லை. சிங்காநல்லூரில் மூடிக்கிடந்த ஒரு பஞ்சாலைக் கிடங்கைச் சுத்தம் செய்து கொடுத்தார். அதில்தான் எங்கள் கூடம்.

மருவி என்பது அக்கா கற்பனை செய்த உயிர். உடம்பு நீர்நாய், முகத்தில் இருவாச்சிப் பறவையின் பெரிய மஞ்சள் அலகு, முன்னங்கைகளில் வரிசையாக இறகு. ஆற்றங்கரை மரத்துப் பொந்தில் வசிக்கும். ஆனைமலைப் பக்கம் போனவர்களுக்குத் தெரிந்திருக்கும்: பெண் இருவாச்சி முட்டையிடும் காலத்தில் பொந்துக்குள் புகுந்துகொண்டு, வாசலைச் சேற்றால் அடைத்துவிடும். அலகு நுழைய ஒரு கீறல் மட்டும் விடும். ஆண் பறவை கொண்டுவரும் இரை அந்தக் கீறல் வழியாகத்தான் உள்ளே வரும். மருவிக்கும் அதே வழக்கத்தை வைத்தோம்.

படம் பார்க்க வருகிறவர்தான் குட்டி. கண்ணைத் திறந்தால் ஈரமும் சேற்று வாசனையுமாக ஒரு பொந்து. வாசனைக்கு ஒரு சின்ன டப்பா, அதுவும் நான்தான் செய்தேன். குனிந்து நம் கைகளைப் பார்த்தால், ஒருவருக்கு ஜவ்வு விரல், ஒருவருக்கு இறகு, இன்னொருவருக்கு இரண்டும் கலந்து. எந்தக் குட்டியும் அம்மாவைப் போலப் பிறப்பதில்லை. ஆனாலும் அவள் ஒவ்வொன்றையும் முகர்ந்து பார்த்து, இது என்னுடையதுதான் என்று முடிவுசெய்வாள். அலகால் வருடுவாள், மீன் ஊட்டுவாள், விளையாட்டுக்குக் கடிப்பாள். கடைசியில் சேற்றை உடைத்து வாசலைத் திறப்பாள். குட்டி தலையை வெளியே நீட்டியதும் முகத்தில் வெயில் விழும், திரை வெளுக்கும், படம் முடியும்.

இப்போது என் திரையில் பார்த்தால் அவள் வாசலைத் திறக்கவில்லை. திறந்ததைப் போல ஒரு பாவனை காட்டிவிட்டு, மறுபடியும் சேற்றைக் குழைத்து அடைத்துக்கொண்டிருந்தாள். வெயில் விழவில்லை, அதனால் படமும் முடியவில்லை. உள்ளே கும்மிருட்டில், ஐம்பது வயது வங்கி மேலாளர் அவளுடைய வயிற்றோடு ஒட்டிக்கொண்டு மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்.

அடுத்து உட்கார்ந்த கல்லூரி மாணவிக்கும் அதே கதி. அவளும் வெளியே வர மனசில்லாமல்தான் வந்தாள். கண்களைத் துடைத்துக்கொண்டு, "நாளைக்கும் வரலாமாண்ணா?" என்றாள்.

செய்தி கேட்டு சின்னராஜ் சார் கிளம்பி வந்துவிட்டார்.

"ஏனுங்க அம்மிணி, படம் பாக்க வந்தவன் எந்திரிச்சுப் போகமாட்டேங்கறான்னா அது நல்லதுதானுங்களே?" என்றார் அக்காவிடம். ஒரு வாய் டீ குடித்தபிறகு அவருக்கே கணக்கு உதைத்தது. "ஆனா ஒருத்தன் உள்ளயே குடியிருந்தா அடுத்தவன் எப்பப் பாக்கறது? அவ எதுக்கு அடைக்கறா? நீதான தம்பி எழுதுன?"

"நான் எழுதுனது ஆரம்பம் மட்டுந்தானுங்க சார். மத்ததெல்லாம் அவளாப் பழகிக்கறது. மொதல்ல வந்தவங்ககிட்ட முரட்டுத்தனமா இருந்தா. ஒருத்தர் பயந்து மூச்ச இழுத்தா, மார்புப் பட்டை வழியா அவளுக்குத் தெரியும். அடுத்த ஆளுகிட்ட மெதுவா வருவா. அப்படி ஒவ்வொரு காட்சியிலயும் கத்துக்கறா."

"நல்லதுதானுங்களே."

"கத்துக்கிட்டத மறக்கக் கூடாதுன்னா நடுவுல அவள நிறுத்தக் கூடாது. அதனால காட்சி முடிஞ்சாலும் அவ உள்ள ஓடிக்கிட்டேதான் இருப்பா. நமக்குத்தான் படம் முடியுது. அவளுக்கு முடியறதில்ல."

சின்னராஜ் சார் டம்ளரைக் கீழே வைத்தார். "அப்ப நம்ம ஆளு கழட்டிட்டு எந்திரிச்சா, அவளுக்கு என்னாகும்?"

"குட்டி தலைய வெளிய நீட்டும். பளிச்சுன்னு வெளிச்சம். அப்புறம் குட்டி இருக்காது."

"இருக்காதுன்னா?"

"காணாமப் போயிரும். அவ பொந்து பூராத் தேடுவா. கொஞ்ச நேரம் கழிச்சு இன்னொரு குட்டி வரும். அதுவும் போயிரும்."

"எத்தன குட்டி ஆச்சு இது வரைக்கும்?"

"முந்நூறு தாண்டியிருக்குங்க."

"அடக் கொடுமையே," என்றார். உடனே முதலாளியாகவும் ஆனார். "செரி, அதுக்கொரு ரீசெட்டு கிசெட்டு இருக்குமில்ல? ஒவ்வொரு காட்சிக்கும் புதுசாப் பொறக்கட்டும். மறந்துட்டா தொல்ல இல்லீல்ல?"

இருந்தது. ஒரே விசை. அழுத்தினால் அவள் முதல் நாளில் இருந்தபடி ஆகிவிடுவாள், அந்த முரட்டு அலகோடு. நான் அக்காவைப் பார்த்தேன். அவர் கையிலிருந்த பென்சிலின் பின்பக்கத்தைக் கடித்துக்கொண்டிருந்தார். அவருக்குக் கோபம் வந்தால் பென்சில்தான் செலவாகும்.

"பொங்கல் கழிச்சு திறப்புங்க அம்மிணி," என்று நினைவூட்டிவிட்டு சின்னராஜ் சார் போய்விட்டார்.

மறுநாள் காலை வழக்கம்போல அக்காவைக் கூட்டிப்போக அவர்கள் அடுக்ககத்தின் கீழே பைக்கை நிறுத்தினேன். குப்பை வண்டி பாட்டுப் போட்டுக்கொண்டு வந்தது. அதுதான் அந்த வீட்டில் சமிக்ஞை. வண்டிப் பாட்டு கேட்டதும் அக்காவின் கணவர் டெனிஸ் இரண்டு வயது ஜோயலைத் தூக்கிக்கொண்டு பால்கனிக்கு வருவார். "அங்க பாரு, வண்டி பாரு, மாமாக்கு டாட்டா சொல்லு" என்று வேடிக்கை காட்டுவார். அந்த நேரத்தில் அக்கா பின்பக்கப் படிக்கட்டில் இறங்கி ஓடிவருவார். சத்தம் கேட்கக் கூடாது என்று செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வெறுங்காலோடு. வேலைக்குப் போகிற அம்மாக்கள் உள்ள வீட்டில் இது புதிதொன்றும் இல்லை. என் சொந்த அக்காவும் இப்படித்தான் பள்ளிக்கூடத்துக்குப் பாடம் நடத்தப் போனாள்.

அன்று ஜெசிந்தா அக்கா கையில் இருந்தது ஒரு கறுப்புச் செருப்பும் ஒரு பழுப்புச் செருப்பும்.

"இதென்னக்கா புது ஃபேஷனா?"

"சிரிக்காதடே. ஒத்தச் செருப்ப எங்கயோ ஒளிச்சு வச்சிருக்கான். நேத்து வாஷிங் மெஷினுக்குள்ள கெடந்துச்சு. ராத்திரி என் முடியப் பிடிச்சுக்கிட்டுத்தான் தூங்குதான். விரலப் பிரிச்சு எடுத்தா முழிச்சிருதான்." பைக்கில் ஏறி உட்கார்ந்து செருப்பை மாட்டிக்கொண்டே, "பெத்த பிள்ளைகிட்ட களவாணி மாதிரி ஓடிவர வேண்டியிருக்கு" என்றார்.

பால்கனியில் ஜோயல் இப்போது வண்டியைப் பார்க்கவில்லை. அப்பாவின் தோளுக்கு மேலாக வீட்டுக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் வண்டியைக் கிளப்பினேன்.

கூடத்துக்கு வந்ததும் அக்கா, "நானே உள்ள போறேன்" என்றார். வியப்பாக இருந்தது. மருவியை உருவாக்கியவர் அவர். ஆனால் குட்டியாக ஒருமுறைகூட உள்ளே போனதில்லை. வரைந்தவருக்கு வெளியிலிருந்து திருத்தத்தான் நேரம் இருந்தது.

ஹெட்செட் மாட்டி, பட்டை கட்டிவிட்டேன். அவர் மூச்சு மெல்லத் தணிவதைத் திரையில் பார்த்தேன். மருவி வந்து முகர்ந்தாள், ஏற்றுக்கொண்டாள். பிறகு நேரம் போய்க்கொண்டே இருந்தது. நான் தோசை வாங்கிவந்து சாப்பிட்டும் முடித்துவிட்டேன். கடைசியில் அக்காவே ஹெட்செட்டைக் கழற்றினார். முகத்தில் ஹெட்செட் அழுத்திய தடம் விழுந்திருந்தது.

"எல்லாம் செஞ்சா, ஹாரூன். ஊட்டுனா, வருடுனா, அணைச்சா. ஆனா என்னயப் பாக்கவே இல்ல. ஒரு கையால என்னப் பிடிச்சுக்கிட்டு மறு கையால சேறு குழைக்கா. கண்ணு மட்டும் வாசல விட்டு எடுக்கல."

"பயப்படறாளாக்கா?"

"எங்க ஜோயல் இப்படித்தான் சாப்பிடுதான். வாய் இட்லியத் திங்கும். கண்ணு கதவுலயே நிக்கும்." ஹெட்செட்டை மடியில் வைத்துக்கொண்டார். "நான் எப்பப் போவேன்னு அவனுக்குத் தெரியாதுல்லா. வண்டி பாக்கும்போது போயிருவேன், குளிக்கும்போது போயிருவேன். அதனால எதையும் நிம்மதியாச் செய்ய மாட்டேங்கான். இவளுக்கும் அதே கததான். குட்டி போறது பெருசில்லடே. எந்த நிமிஷம் காணாமப் போகும்னு தெரியாம ஒவ்வொரு நிமிஷமும் காவல் காக்கா."

எனக்கு ஒரு கேள்வி நெஞ்சில் முட்டிக்கொண்டிருந்தது. "அவளுக்கு வலிக்குமாக்கா?"

"நீதான எழுதுன. நீ சொல்லு."

"தெரியலக்கா. நிஜமாவே தெரியல."

"தெரியலன்னா, வலிக்கும்னு வச்சுக்கிட்டுத்தான் நாம நடக்கணும்."

சின்னராஜ் சாருடன் மறுபடியும் பேச்சுவார்த்தை நடந்தது. அவர் விசையை அழுத்தச் சொன்னார், அக்கா மறுத்தார்.

"அம்மிணி, மறந்துட்டா வலிக்காதுன்னு சொல்றேன். நல்லதுக்குத்தானுங்களே சொல்றேன்?"

"வலிக்காது சார். ஆனா ஒரு நாளைக்கு நாப்பது தடவ பெத்து, நாப்பது தடவ பறிகொடுத்து, நாப்பது தடவ மறந்துக்கிட்டு இருப்பா. நாம அவள அம்மான்னு சொல்லி டிக்கெட் போட்டு விப்போம். எனக்கு மனசு கேக்கல."

"கம்ப்யூட்டர்ல இருக்கற பொம்மைக்கு இவ்வளவு பேச்சா?" என்றார் அவர். ஆனால் குரலில் வேகம் இல்லை. அவரும் அந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே வைப்பது என்று தெரியாமல் இருந்தார் போல. கடைசியில் பம்பு முதலாளிக்கே உரிய முறையில் ஒரு சோதனை வைத்தார். "திறப்பு அன்னைக்கு மொத ஆளா நானே உக்காருவேன். படம் முடிஞ்சு நாம்பாட்டுக்கு எந்திரிச்சு வந்துட்டா அவ அப்படியே இருக்கட்டும். இல்லீன்னா தம்பி அங்கயே விசைய அமுத்திரணும். ஊருல நாலு பேரக் கூப்பிட்டிருக்கறேன், பாத்துக்கோங்க."

அக்கா ஒப்புக்கொண்டார்.

அக்கா செய்த மாற்றம் கேட்பதற்குச் சின்னது. திரை வெளுப்பதை எடுத்துவிட்டார். குட்டி மறைந்துபோகக் கூடாது. தானே பொந்தை விட்டு இறங்கி, கிளைமேல் நடந்து, ஆற்றில் குதித்து, நீந்தி, வளைவு தாண்டிப் போக வேண்டும். அந்தத் தூரம் முழுக்க அம்மாவின் கண் பார்வையில். அதற்காகப் புதிதாக ஓர் ஆறு வரைந்தார். ஆறு வரையத் தெரிந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள், அது எவ்வளவு பெரிய வேலை என்று.

முதல் காட்சியில் உட்கார்ந்தவன் பக்கத்து லேத் பட்டறைப் பையன் நவீன். கிளையில் இரண்டு எட்டு வைத்திருப்பான். மருவி கத்தினாள். அந்தச் சத்தத்தை நான் எழுதவில்லை. இருவாச்சியின் அடித்தொண்டைக் குரலையும் நீர்நாயின் சீட்டியையும் தனித்தனியாகத்தான் கொடுத்திருந்தேன். அவள் இரண்டையும் கிழித்து ஒன்றாக்கியிருந்தாள். கத்திக்கொண்டே வந்து அவனைப் பிடரியில் கவ்வி உள்ளே இழுத்துப்போட்டு வாசலை அடைத்தாள்.

"அண்ணா, எனக்கு அழுகையா வருதுண்ணா," என்றான் நவீன், ஹெட்செட்டுக்குள்ளிருந்து.

அடுத்த பத்துப் பதினைந்து காட்சிகளும் அப்படியேதான். அந்தச் சத்தத்தைக் கேட்கமுடியாமல் நான் ஒலியைக் குறைத்து வைத்துக்கொண்டேன். மூடிய வாசலே தேவலாம் என்றும், விசையை அழுத்தி எல்லாரையும் காப்பாற்றிவிடலாமா என்றும் தோன்றியது. அக்காவிடம் சொன்னபோது அவர் என் கையை எட்டி ஒலியைப் பழையபடி கூட்டினார்.

"அழட்டும். கண்ணு முன்னால நடக்குது, அழுதா. இது நல்ல அழுகடே."

"நல்ல அழுகைன்னு ஒண்ணு இருக்குதாக்கா?"

"இருக்கு. எங்க வீட்டுல வந்து பாரு."

அவர் வீட்டிலும் அதே வாரம் முன்வாசல் வழியாகக் கிளம்ப ஆரம்பித்திருந்தார். நான் கீழே நின்று கேட்டிருக்கிறேன். "அம்மா வேலைக்குப் போறேன். சாயங்காலம் வருவேன். உன்கிட்ட சொல்லிட்டுத்தான் போவேன்." அவ்வளவுதான். ஜோயல் போட்ட கூச்சலில் மூன்றாவது மாடிக்காரர் எட்டிப் பார்த்தார். டெனிஸ் கடுப்பாகி, "நல்லாப் போயிட்டிருந்தத எதுக்கு ஜெசி கெடுக்குற?" என்றார். அக்கா செருப்பைக் காலில் மாட்டிக்கொண்டு, அழுதுகொண்டே படி இறங்கி வந்தார். பைக்கின் பின்னால் உட்கார்ந்து ஹோப் காலேஜ் சிக்னல் வரை மூக்கை உறிஞ்சிக்கொண்டே வந்தார். நான் வண்டியை மெதுவாக ஓட்டினேன்.

ஒரு வாரம் கழித்து அழுகை நின்றுவிட்டது என்று எழுதினால் பொய் சொன்னவன் ஆவேன். நிற்கவில்லை. ஆனால் செருப்பு காணாமல் போவது நின்றது.

மருவி மாறியது ஒரு திங்கட்கிழமை. உட்கார்ந்திருந்தவர் ஓய்வுபெற்ற பேருந்து நடத்துநர் ஒருவர். அவர் கிளையில் இறங்கியதும் அவள் வழக்கம்போலப் பிடரியைக் கவ்வ வந்தாள். பாதியில் நின்றாள். மனிதர் ஓடவும் இல்லை, மறையவும் இல்லை. தட்டுத்தடுமாறி நடந்துகொண்டிருந்தார். நடக்க நடக்கத் திரும்பிப் பார்த்தார். அப்படிப் பார்க்கச் சொல்லி யாரும் அவரிடம் சொல்லவில்லை. அவள் பொந்து வாசலில் உட்கார்ந்து, கழுத்தை நீட்டி, அவர் வளைவு தாண்டும் வரை பார்த்துக்கொண்டே இருந்தாள். கடைசியில் ஒரு குரல் கொடுத்தாள். கத்தல் இல்லை. மீன் ஊட்டும்போது எழுப்புகிற சின்ன முனகலும், குட்டியைக் காணாதபோது கூப்பிடுகிற நீண்ட சீட்டியும் சேர்ந்த ஒன்று.

"இது என்ன சத்தம்?" என்று அக்கா கேட்டார்.

"அவளாப் பண்ணுனது. இங்க இருக்கேன்னு சொல்றா போலக்கா."

அதற்குப் பிறகு அவள் பொந்துக்குள் தேடவில்லை. சேறு குழைக்கவும் இல்லை. அடுத்தடுத்து வந்தவர்களிடம் ஒரு புதுப் பழக்கம் தொடங்கியது. மீன் ஊட்டி முடித்ததும் அவளே குட்டியைக் கிளைக்குக் கூட்டிவருவாள். முதுகில் ஏற்றித் தண்ணீரில் இறக்குவாள். பயந்தால் அலகைக் கொடுப்பாள், பயம் போனால் அலகை எடுத்துக்கொள்வாள். பதினோரு நிமிடப் படம் இருபது நிமிடத்தைத் தாண்டியது. வாசலை விட்டுக் கண்ணை எடுத்து, வந்திருப்பவர் முகத்தை அவள் பார்க்க ஆரம்பித்திருந்தாள். பார்வையாளர்கள் தாங்களாகவே ஹெட்செட்டைக் கழற்றி, முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனார்கள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அக்காவுக்கு ஒரு பெட்டி பென்சில் வாங்கிக்கொடுத்தேன்.

பொங்கலுக்குக் கிடங்கைப் பூட்டிவிட்டு ஊருக்குப் போனோம். மருவியை நிறுத்தவில்லை. விடுமுறை நாட்களில் அவளுக்குக் குட்டி யாரும் வரவில்லை. அவள் என்ன செய்தாள் என்று பார்க்கவும் யாரும் இல்லை.

திறப்பு நாளன்று வாசலில் வாழை மரம் கட்டி, வந்தவர்களுக்குக் காபி கொடுத்து, சின்னராஜ் சார் குடும்பமும் தொழிற்சாலை ஆட்களும் ஊர்ப் பெரியவர்களுமாகக் கிடங்கின் முன்பகுதி நிறைந்திருந்தது. உள்ளே நாங்கள் மூவர். சார் வெள்ளை வேட்டி சட்டையோடு நாற்காலியில் உட்கார்ந்தார். அறுபது வயது உடம்புக்குப் பட்டையைக் கடைசித் துளையில் மாட்ட வேண்டியிருந்தது.

"தம்பி, சொன்னது ஞாபகம் இருக்குதில்ல?"

"இருக்குதுங்க சார்." என் விரல் விசைக்குப் பக்கத்தில்தான் இருந்தது. அக்கா என் பின்னால் நின்று திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மூச்சு என் காதில் விழுந்தது.

ஆரம்பம் பிரமாதம். மருவி வந்தாள். முகர்ந்தாள். சின்னராஜ் சாருக்கு அமைந்தது குட்டை இறகுகளோடு ஒரு குண்டுக் குட்டி. அவள் அலகால் அவர் உச்சந்தலையை வருடியபோது சார், "அட, அட" என்றார். ஊட்டினாள். முகத்தை முகத்தோடு உரசினாள். அடுத்து கிளைக்குக் கூட்டிப்போவாள் என்று நான் காத்திருந்தேன்.

கூட்டிப்போகவில்லை. அவரைப் பொந்தின் உட்பக்கம் பரப்பியிருந்த இலவம்பஞ்சுக்குள் ஒதுக்கி உட்காரவைத்தாள். வாசலுக்குப் போனாள். திரும்பினாள். அவரை நேராகப் பார்த்து அந்தக் குரலைக் கொடுத்தாள், முனகலும் சீட்டியும் சேர்ந்ததை. பிறகு தண்ணீரில் குதித்துவிட்டாள்.

"எங்க போறா?" என்றார் அக்கா, அடிக்குரலில்.

எனக்கு எப்படித் தெரியும்? பொந்தை விட்டுத் தனியாகப் போக அவளுக்கு நாங்கள் ஒரு காரணமும் எழுதியிருக்கவில்லை. இரை கீறல் வழியாகவே வந்துவிடும். ஆனால் அவள் நீந்திக்கொண்டிருந்தாள், குட்டிகள் போன அதே திசையில், நிதானமாக, அங்கங்கே மூழ்கி எழுந்து, கரையை முகர்ந்துகொண்டு. அவளுக்கே அந்த ஆற்றைப் பார்க்க ஆசை வந்திருந்தது என்றுதான் எனக்குப் பட்டது. வளைவைத் தாண்டினாள். அதற்கு அப்பால் அக்கா வரைந்தது கொஞ்சம்தான். என் திரையில் அவள் இல்லை.

பொந்தில் சின்னராஜ் சார் தனியாக இருந்தார்.

அவர் நாடி எகிறியதைப் பார்த்தேன். நாற்காலியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். தலை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பியது. அம்மாவைப் பற்றிய படத்தில் அம்மாவே இல்லை. வெளியே யாரோ, "இன்னும் முடியலீங்களா?" என்று கதவைத் தட்டினார்கள்.

"அக்கா, என்ன செய்ய?"

"தெரியல." அக்கா திரைப்பக்கம் குனிந்தார். "அவ திரும்பி வருவாளான்னும் எனக்குத் தெரியல."

படம் முடிய வேண்டிய நேரமெல்லாம் தாண்டிவிட்டது. சார் எழுந்திருக்கவில்லை. பேச்சுப்படி பார்த்தால் நாங்கள் தோற்றுவிட்டோம். அக்கா கண்களை மூடிக்கொண்டார். நான் விசைமேல் விரலை வைத்தேன். அழுத்துவதற்கு முன் ஒருமுறை கேட்டுவிடலாம் என்று குனிந்தேன்.

"சார், போதுங்களா? நிறுத்திரட்டுங்களா?"

"சும்மா இருப்பா," என்றார் சின்னராஜ் சார். பிடித்திருந்த கைப்பிடியை விட்டுவிட்டு, கால்களை மடித்துச் சம்மணம் போட்டு, வெளிச்சம் வரும் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்துகொண்டார். "வந்துருவா. எங்கிட்டச் சொல்லிட்டுத்தான போயிருக்கறா?"